அண்ணியின் நாற்பது வரிகள்

மாலை ஆறு மணிக்குள் திருத்தம் வந்து சேராவிட்டால், இயங்குதளத்தின் புதிய பதிப்பிலிருந்து, வைஃபை அட்டையை இயக்க அவள் எழுதிய டிரைவர் நிரலை எடுத்துவிடுவதாக வெளியீட்டுப் பொறுப்பாளர் எழுதியிருந்தார். நான்கு வருட உழைப்பு. குறை ஒன்றே ஒன்றுதான்: மடிக்கணினியை மூடித் திறந்தால் வைஃபை எழுந்திருக்க மறுத்தது.

அவளுக்கு எறும்பு என்று பெயர் வைத்தது அவளுடைய கூட்டத்தார். சம்பளம் வாங்காமல், யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய ஓர் இயங்குதளத்துக்கு எழுதுகிறவர்கள். சாப்பாட்டு மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அண்ணி, போட்டி இயங்குதளத்துக்கு அதே வேலையைச் செய்கிறவர்.

வயிற்றெரிச்சல் என்னவென்றால், எறும்பின் டிரைவரை மூன்று வருடம் முன்பு அண்ணியின் கூட்டம் அப்படியே எடுத்துக்கொண்டது. எறும்பின் கூட்டத்து உரிமம் அதற்கு இடம் தருகிறது. இதே குறையை அண்ணியின் கூட்டம் சரியும் செய்துவிட்டது. ஆனால் அந்தத் திருத்தத்தில் ஒரு வரி எடுத்தாலும் அவர்களுடைய உரிமத்தின் நிபந்தனைகள் கூடவே வரும். இவர்கள் அதை ஏற்கமாட்டார்கள். பார்த்து எழுதினாள் என்ற பேச்சு வரக்கூடாதென்று, எறும்பு அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதே இல்லை.

மணி நாலரை.

"பேசாம எங்க பக்கம் வந்துடு. உனக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி," என்றார் அண்ணி.

"அட்டைக்கு என்ன கேடுன்னு வாயால சொல்லுங்க அண்ணி, போதும்."

"சொல்றேன். டிரைவர்ல எழுபத்திரண்டாவது வரியில என்ன பண்றோம்னா..."

"ஐயோ, அது உங்க நிரல் வரி! வாசிக்காதீங்க!" காதைப் பொத்திக்கொண்டாள்.

"கத்தாதடி. கதையா சொல்றேன்."

கதை முக்கால் மணி நேரம் ஓடியது. யார் யாரோடு மின்னஞ்சலில் சண்டை பிடித்தார்கள், யார் முறுக்கிக்கொண்டு விலகினார்கள் என்பதெல்லாம் வந்தது. எறும்பு பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, மணி அஞ்சே கால்!"

"வரேன், வரேன். தூங்கி எழுந்ததும் சொல்ற முதல் கட்டளை அந்த அட்டைக்குக் காதுல விழாது. கொஞ்சம் பொறுத்து ரெண்டாவது தடவ சொல்லணும். உங்க அண்ணன் மாதிரின்னு வச்சுக்கோ."

"இவ்வளவுதானா? இதை நாலரைக்கே சொல்லியிருக்கக் கூடாதா?"

ஒன்பது வரி எழுதினாள். மூடினாள், திறந்தாள். வைஃபை வந்தது. பத்து முறை மூடித் திறந்தாள். பத்து முறையும் வந்தது. ஐந்து ஐம்பதுக்கு அனுப்பினாள். எட்டு நிமிடம் கழித்துப் பொறுப்பாளரின் பதில் வந்தது: "சேர்த்தாச்சு."

அண்ணி எழுந்து வந்து அவள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். எறும்பு எழுதியதைப் பார்க்க அவருக்குத் தடை கிடையாது.

"ஒன்பதே வரியா? நாங்க நாப்பது எழுதியிருக்கோமே! எடுத்துக்கறேன்."

"ஒரு வார்த்தை கேக்கலாம்ல?"

"கேக்கணும்னு உங்க உரிமத்துல எங்க இருக்கு?"

பத்து நிமிடத்தில் எறும்புக்கு ஒரு குறை அறிக்கை வந்தது. அனுப்பியவர் மறுபடி மேசைக்கு எதிரே போய் உட்கார்ந்திருந்தார். பழைய ரக அட்டைக்கு இரண்டு தடவை போதாதாம், மூன்று வேண்டுமாம்.

"எதிர்லதானே இருக்கேன்? வாயைத் திறந்து சொல்ல மாட்டீங்களா?"

"எழுத்துல இருந்தாத்தான் ரெண்டு பக்கத்து ஆளுங்களும் பார்ப்பாங்க. நீயே திருத்திடு. நான் திருத்தினா என் பக்கத்தோட நின்னுடும். நீ திருத்தினா ரெண்டு பக்கமும் போகும்."

அண்ணி சொன்னது சரி. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. இரண்டை மூன்றாக்கிவிட்டு, மறுபடி மூடித் திறந்து பார்க்க ஆரம்பித்தாள்.