வேங்கையடி சாஸ்தாவைத் தேடிப் போனது

ரங்கூனுக்குத் திரும்ப எனக்கு இன்னும் பதினோரு நாள் இருந்தது. அதற்குள் என் மகள் அன்னத்தாயின் வாயிலிருந்து 'வாரேன்' என்ற ஒரு சொல் வரவேண்டும். வந்தால் அவளும் அவள் அம்மாவும் என்னோடு கப்பலேறுவார்கள். வராவிட்டால் மறுபடியும் நான் மட்டும்.

இந்த ஏற்பாட்டைச் செய்தது என் மனைவி பிரம்மநாயகி. அம்பாசமுத்திரத்தில் அவள் அண்ணன் ஆவுடைநாயகத்தின் வீட்டில் ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, பிள்ளை பாயில் கண்ணயர்ந்திருந்தபோது சொன்னாள்.

"அவ உங்களைக் கடைசியாப் பாத்தப்ப மூணு வயசு. இப்ப ஆறு. நாம பாட்டுக்கு மூட்டையக் கட்டிக்கிட்டுக் கிளம்பீற முடியுமா? அவகிட்ட கேளுங்க. அவ வாயால வாரேன்னு சொன்னா நானும் வாரேன்."

எனக்கு அது நியாயமாகவே பட்டது. ரங்கூனில் ஓர் அரிசி ஆலையில் நான் கடிதம் எழுதும் குமாஸ்தா. யாரிடம் எதை எப்படிக் கேட்டால் கிடைக்கும் என்பது எனக்குத் தெரியும் என்று ஒரு நினைப்பு. ஆறு வயதுப் பிள்ளையிடம் கேட்பது என்ன பெரிய காரியம்? ஆனால் அதன் பிறகு நான்கு நாள் போயும் கேட்க முடியவில்லை. நான் வாயைத் திறக்கும்போதெல்லாம் அவள் எங்காவது ஓடிவிடுவாள்.

பங்குனி உத்திரம் வந்தது. எங்கள் சீமையில் அன்றைக்கு அவரவர் குடும்பத்து சாஸ்தாவைக் கும்பிட்டாக வேண்டும். அப்பா இறந்து பத்து வருஷமாக எங்கள் வீட்டிலிருந்து யாரும் போகவில்லை. கடல் கடப்பதற்கு முன் ஒருமுறை போய்விட்டு வந்துவிடலாம் என்று ஆவுடைநாயகம்தான் வண்டி கட்டினான். முந்தின நாள் காலையிலேயே மணிமுத்தாற்றங்கரையில் வந்து மாட்டை அவிழ்த்தோம். மறுநாள் பொங்கல். அதற்கு முன் ஒருவர் காட்டுக்குள் போய் சாஸ்தாவின் இடத்தைத் தூத்துப் பெருக்கி, கல்லைக் கழுவி, எண்ணெயும் சந்தனமும் சாத்திவிட்டு வரவேண்டும்.

"வழி தெரியுமா அத்தான்? நானும் வரட்டா?" என்றான் ஆவுடைநாயகம்.

"தெரியாம என்ன? எங்க சாஸ்தா வேங்கையடி சாஸ்தா. ஓடைய ஒட்டியே போனா வேங்கை மரம் வந்துரும். நானும் அன்னமும் பைய நடந்து போயிட்டு வந்திருதோம்."

அடுப்புக்குக் கல் கூட்டிக்கொண்டிருந்த பிரம்மநாயகி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிள்ளையை மட்டும் எதற்குக் கூட்டிப்போகிறேன் என்று அவளுக்குத் தெரியும். பிள்ளையின் பாவாடையை இடுப்பில் இறுக்கிக் கட்டிவிட்டாள்.

காட்டுக்குள் நுழைந்ததுமே வெயிலின் சூடு தணிந்துவிட்டது. ஓடையில் தண்ணீர் கணுக்கால் அளவுக்குத்தான். தண்ணீர் மொள்ளக் கொண்டுவந்த தூக்குச்சட்டியை அன்னம் பிடுங்கிக்கொண்டாள். நான் எண்ணெய்க் கிண்ணத்தையும் சந்தனத்தையும் ஒரு கையில் வைத்துக்கொண்டு மறு கையால் அவளைப் பிடித்திருந்தேன்.

"ஏம்பா இப்படி கையப் போட்டு நெரிக்கிய?"

"பாம்பு கீம்பு கெடக்கும்லா."

"பாம்புக்குக் கையப் புடிச்சு என்ன செய்ய? கீழ பாத்து நடங்க."

நான் கீழே பார்த்து நடந்தேன். மரத்தைப் பார்த்தால் மேலே சிறுத்தை இருக்குமோ என்று பயம். கீழே பார்த்தால் அட்டை. புதருக்குள் ஏதோ சடசடவென்று கலைந்தது. நான் பிள்ளையை அப்படியே வாரித் தூக்கிவிட்டேன். சிவந்த கொண்டையோடு ஒரு காட்டுக்கோழி பாதையைக் கடந்து போயிற்று. என் தோளில் இருந்தபடி அன்னம் சிரித்த சிரிப்பில் தூக்குச்சட்டி குலுங்கியது.

"கோழிக்குப் போயி பயப்படுதியளே!"

"உனக்காகத்தான் பயந்தேன்."

"எனக்கு நானே பயந்துக்கிடுவேன். எறக்கிவிடுங்க."

இதுதான் சமயம் என்று தோன்றியது. அவளை இறக்கிவிட்டு நடந்துகொண்டே ரங்கூனை எடுத்துவிட்டேன். மாடும் இல்லாமல் குதிரையும் இல்லாமல் தண்டவாளத்தின் மேல் தானாக ஓடும் டிராம் வண்டியைச் சொன்னேன். ஆற்றோரத்தில் யானைகள் தும்பிக்கையால் தேக்கு மரத்தைத் தூக்கி அடுக்கிவிட்டு, ஒழுங்காக இருக்கிறதா என்று தள்ளி நின்று பார்ப்பதைச் சொன்னேன். எங்கிருந்து பார்த்தாலும் தெரியும் பொன் கோபுரத்தைச் சொன்னேன். அவள் நின்று நின்று கேட்டாள். யானைக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு உண்டா என்றாள். உண்டு என்றேன்.

"அப்ப, அன்னம்... நீயும் அப்பாகூட..."

"அப்பா, அந்தா மலையணில்!"

உண்மையிலேயே மலையணில்தான். பூனை அளவுக்கு, செம்பட்டையாக, வாலைத் தொங்கப்போட்டுக்கொண்டு கொப்பில் படுத்திருந்தது. அதைப் பார்த்து முடிய வெகுநேரம் ஆயிற்று. கொஞ்ச தூரம் போய் மறுபடி ஆரம்பித்தேன். களாக்காய் வேண்டும் என்றாள். பறித்துக் கொடுத்தேன். ஒன்றைக் கடித்து முகத்தைச் சுளித்து, மிச்சத்தை அம்மாவுக்கென்று பாவாடை மடியில் முடிந்துகொண்டாள். மூன்றாம் தடவை ஆரம்பித்தபோது காலில் முள் என்று உட்கார்ந்துவிட்டாள். பார்த்தேன். முள் இல்லை.

அப்படியே போனதில் ஓடை வளையும் இடத்தில் பெரிய மரம் ஒன்று வந்தது. அதன் அடியில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல், இரண்டு பக்கமும் சின்னக் கற்கள். எனக்கு உடம்பு சிலிர்த்தது. பதினாறு வயதில் அப்பாவோடு வந்து கும்பிட்ட இடம். சாஸ்தாவும் அவர் தேவிமார் பூரணையும் புஷ்கலையும்.

நாங்கள் இருவரும் சருகை அள்ளி எறிந்தோம். ஓடையிலிருந்து தூக்குச்சட்டியில் ஏழெட்டு நடை தண்ணீர் சுமந்தோம். அன்னம் தன் பங்குக்கு ஒரு சட்டி கொண்டுவந்து, "கண்ணை மூடிக்கிடும், எரியும்," என்று சாஸ்தாவிடம் சொல்லிவிட்டு ஊற்றினாள். நல்லெண்ணெய் தேய்த்துச் சந்தனத்தை முழுவதும் அப்பினேன். பிறகு கைகூப்பி மனதார வேண்டினேன். இவள் வாரேன் என்று சொல்லவேண்டும். ரங்கூனில் ஒரே அறையில் ஏழு ஆம்பிளைகளோடு படுத்து, காலையில் யார் பேரையும் சொல்லிக் கூப்பிடாமல் எழுந்து வேலைக்குப் போகும் இந்த வாழ்வு போதும். கண்ணில் நீர் வந்துவிட்டது.

"ஓய், யாருவே அது?"

திரும்பினேன். பெரிய மீசையோடு ஒருவர், தலையில் ஒரு குடம் தண்ணீரோடு அவர் மனைவி. அவர் கையில் விளக்குமாறு, எண்ணெய்த் தூக்கு, வாழையிலையில் சந்தனம்.

"எங்க சாஸ்தாவுக்குச் சந்தனம் சாத்துதோம்," என்றேன்.

"உங்க சாஸ்தாவா? நல்லாருக்குவே கதை! இது மருதடி சாஸ்தாலா. எங்க பாட்டன் பூட்டன் காலத்துலருந்து நாங்க கும்புடுதது. சங்கிலிபூதத்தான்னு சிங்கம்பட்டியில போயி கேட்டுப் பாரும். உம்ம சாஸ்தா எது?"

"வேங்கையடி..."

அவர் மரத்தை நிமிர்ந்து பார்த்தார். என்னைப் பார்த்தார். "இது வேங்கையாவே? வெள்ளையா வழுவழுன்னு பட்டை, பக்கத்துலயே தண்ணி. இது மருதம்னு மாடு மேய்க்குத புள்ள சொல்லிருமே. நீரு என்ன படிச்சிருக்கீரு?"

"பாளையங்கோட்டையில மெட்ரிகுலேஷன்."

"அங்கன மரமே கெடையாதோ?"

அன்னம் வாயைப் பொத்திக்கொண்டாள். சங்கிலிபூதத்தானின் மனைவி குடத்தை இறக்கி வைத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஏ, சும்மா இரும். ஒரு நாள் வேலைய ரெண்டு பேரும் செஞ்சு முடிச்சிட்டாகளே. தண்ணியத் தூக்கிட்டு வந்த என் கழுத்து வலிதான் மிச்சம்."

"நீ வேற இசக்கியம்மா! வேலை கெடக்கட்டும். வே, வேண்டுதல் கீண்டுதல் ஏதும் வச்சீரா?"

"வச்சேன்."

"என்னன்னு?"

நான் அன்னத்தைப் பார்த்தேன். அவர் மீசையைத் தடவினார். "சரி, வச்சாச்சு. எங்க ஆளு தாராள மனசுக்காரரு, யாரு எவருன்னு பாக்க மாட்டாரு. உம்ம சாஸ்தாகிட்ட போயி இதைச் சொல்லிராதியும். கோவிச்சுக்கிடுவாரு."

அவர்களே வழி காட்டினார்கள். ஓடைக்கு அந்தப் பக்கம், நூறு அடி ஏற்றம். கருத்து வெடித்த பட்டையோடு வேங்கை நின்றது. இசக்கியம்மா அதில் நகத்தால் கீறிக் காட்டினாள். ரத்தம்போல் பால் கசிந்தது. அதைத் தொட்டு அன்னத்தின் நெற்றியில் ஒரு பொட்டு வைத்தாள். வாழையிலையோடு சந்தனத்தை என் கையில் கொடுத்துவிட்டு இருவரும் இறங்கிப் போனார்கள்.

எங்கள் சாஸ்தாவைக் காணவில்லை. பத்து வருஷத்துச் சருகு. குழந்தையும் நானும் கையால் அள்ள அள்ள, கல்லின் தலை மெதுவாக வெளியே வந்தது. மறுபடியும் தண்ணீர் சுமந்தோம். சந்தனம் அப்பி முடித்து, வேர்மேல் உட்கார்ந்தேன். வேண்டிக்கொள்ள வாய் வரவில்லை. சொந்த சாஸ்தாவை அடையாளம் தெரியாதவன், ஒரு பெண்ணையும் பிள்ளையையும் கடல் தாண்டிக் கூட்டிப்போகிறேன் என்கிறேன்.

"அப்பா, நீங்க ரங்கூன்லயும் இப்படித்தான் தொலைஞ்சு போவியளா?"

"போன புதுசுல போயிருக்கேன். ஒரு தெருவும் வெளங்காது. ஒருத்தர் பேசுததும் வெளங்காது. மூணு மணி நேரம் சுத்திக்கிட்டே இருந்தேன்."

"அழுதியளா?"

"அழுதேன்."

அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் சுள்ளியால் மண்ணைக் கீறிக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கு நான் உறங்கல."

"என்னைக்கு?"

"என்கிட்ட கேக்கச் சொல்லி அம்மை சொன்னாள்லா, அன்னைக்கு. கண்ணை மூடிக்கிட்டுக் கெடந்தேன்." சுள்ளி ஒடிந்தது. "நான் வாரேன்னு சொன்னா, அம்மைக்குப் பிடிக்கலேன்னாலும் அம்மை வரணும். வரலேன்னு சொன்னா நீங்க தனியாப் போவணும். அதான் நான் எதையுமே சொல்லல. நீங்க கேக்க வரும்போதெல்லாம் வேற எதையாவது சொன்னேன். முள்ளு குத்தவே இல்ல."

நான்கு நாளாக இந்தச் சின்னத் தலைக்குள் அது கிடந்திருக்கிறது. இரண்டு பெரியவர்கள் தங்களால் பேச முடியாததைத் தூக்கி ஒரு குழந்தையின் மேல் வைத்துவிட்டு நியாயம் என்று சொல்லிக்கொண்டோம். யானையைக் காட்டி அவளை விலை பேசினேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

"இனி அப்பா உன்கிட்ட கேக்க மாட்டேன்."

"நெசமா?"

"சாஸ்தா சத்தியமா."

"எந்த சாஸ்தா?"

இருவரும் சிரித்துவிட்டோம்.

திரும்பி வரும்போது அவள் என் கையைப் பிடிக்கவில்லை. முன்னால் ஓடுவாள், நிற்பாள், எதையோ குனிந்து பார்ப்பாள், நான் வருவதற்குள் மறுபடி ஓடுவாள். நானும் அவசரப்படவில்லை. கேட்கவேண்டியது எதுவும் இல்லாமல் பிள்ளையோடு நடப்பது எவ்வளவு லேசாக இருந்தது! எறும்பு வரிசை ஒன்றை அது முடியும் இடம் வரை கூடவே போய்ப் பார்த்தோம். அது முடியவே இல்லை. பாதியில் விட்டுவிட்டு வந்தோம்.

வண்டியடிக்கு வரும்போது வெயில் சாய்ந்திருந்தது. ஆவுடைநாயகம் மாட்டைக் குளிப்பாட்ட ஆற்றுக்குப் போயிருந்தான். அன்னம் களாக்காயை அம்மா மடியில் கொட்டிவிட்டு, "மாமா, நானும்!" என்று அந்தப் பக்கம் ஓடினாள். பிரம்மநாயகி தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"என்ன சொன்னா?" தலையை நிமிர்த்தவில்லை.

"நான் கேக்கல."

துருவுகிற கை நின்றது.

"அன்னைக்கு அவ உறங்கலையாம். எல்லாத்தையும் கேட்டிருக்கா. நாலு நாளா ரெண்டு பேருக்கும் பொல்லாப்பு வரக்கூடாதுன்னு வாயப் பொத்திக்கிட்டு இருந்திருக்கா." அவளுக்கு எதிரே உட்கார்ந்தேன். "நாயகி, நான் உன்கிட்டத்தான் கேக்கணும். கல்யாணம் ஆன நாள்லேருந்து ஒரு தடவை கூட கேட்டதில்ல. போறேன்னு சொன்னேன், வாரேன்னு கடிதாசி போட்டேன். நீ வாரியா?"

தேங்காய் மூடியை விரலால் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"எனக்குப் பயமா இருக்கு," என்றாள் கடைசியாக. "சொன்னா சிரிப்பியளோன்னு சொல்லல. புள்ள வேண்டாம்னு சொல்லிட்டா என் பயம் வெளிய தெரியாதுன்னு நெனச்சேன்."

"எனக்கும் பயந்தான். மூணு வருசமா."

அவள் இப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "உங்களுக்கா? கடிதாசியில ஒரு வரி எழுதலையே."

"எப்படி எழுத?"

"பயமா இருக்குன்னு எழுதணும்." அவள் மறுபடி துருவ ஆரம்பித்தாள். நாலைந்து இழுப்புக்குப் பிறகு சொன்னாள். "இப்ப வரல. ஐப்பசி கார்த்திகையில கடல் ஆடுமாம், தை மாசம் அடங்கிருமாம். எதுத்த வீட்டு ஹமீது பீவிகிட்ட கேட்டேன். அவ மாப்பிள்ளை அங்கதான கடை வச்சிருக்காரு. நீங்க போயி, ஏழு ஆம்பிளைக்கு நடுவுல இல்லாம, தனியா ஒரு எடம் பாத்து வைங்க. தை பிறந்ததும் நானும் புள்ளையும் வாரோம். அண்ணன் கொண்டாந்து விடுவான்."

ஹமீது பீவியிடம் எப்போது கேட்டாள் என்று நான் கேட்கவில்லை. ஆற்றில் மாமனும் மருமகளும் மாட்டின்மேல் தண்ணீரை அள்ளி எறியும் சத்தம் கேட்டது. தேங்காயில் ஒரு பிடியை எடுத்து என் கையில் வைத்தாள்.

"திங்க. நாளைக்குப் பொங்கல் எங்கன வைக்கணும்னு மட்டும் சரியாச் சொல்லுங்க."

"வேங்கையடியில," என்றேன். "அன்னம் வழி காட்டுவா."