மகாராணி இறங்கிய தொட்டி

பெரியவனுக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில்தான் இருக்கும். அன்று அது உச்சந்தலைக்கே ஏறிவிட்டது.

தோல் கம்பெனியின் கழிவுத் தொட்டியைச் சுத்தம் செய்வதுதான் அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் தொழில். சின்னவன் உள்ளே இறங்குவான். பெரியவன் மேலே நின்று கயிறு பிடிப்பான். ஆனால் சின்னவனுக்கும் முன்னால் ஒரு கோழி இறங்கும். கூண்டோடு இறக்கிக் கொஞ்ச நேரம் விட்டுத் தூக்குவார்கள். அது கொக்கரித்துக்கொண்டு வந்தால் உள்ளே விஷக்காற்று இல்லை, ஆள் இறங்கலாம். பல்லக்கில் போகிறவளுக்குப் பேர் வேண்டாமா என்று மகாராணி எனப் பேர் வைத்தவன் சின்னவன். தன் தட்டிலிருந்துதான் அதற்குச் சோறு போடுவான்.

"இனிமே கோழியை இறக்கக் கூடாது" என்றார் மேனேஜர். "முதலாளியம்மா நேத்து மாடியிலேர்ந்து பாத்துட்டு ஒரே அழுகை. வாயில்லா ஜீவனை இப்படி வதைக்கலாமான்னு கேக்குறாங்க."

"என் தம்பிக்கு வாய் இருக்கு, அதனால அவன் செத்தா பரவாயில்லையா சார்?"

"ஏம்ப்பா எடக்கா பேசுற? மூடியைக் காலையிலேயே திறந்து வச்சாச்சு. இந்நேரம் எல்லாம் வெளியே போயிருக்கும்."

"அப்ப நீங்க இறங்குங்க. கயிறு நான் பிடிக்கிறேன்."

மேனேஜர் முகத்தைச் சுளித்துப் போனை எடுத்துக்கொண்டு அப்பால் போனார். அழுதாளாம், மகராசி! தலை முதல் கால் வரை சேறு வழியத் தம்பி மேலே ஏறி வந்து வாந்தி எடுத்ததையும் அதே மாடியிலிருந்து பார்த்தவள்தானே? அப்போது ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லையே! பெரியவனுக்கு வயிறு எரிந்தது.

சின்னவனோ இடுப்பில் கயிற்றைக் கட்ட ஆரம்பித்துவிட்டான். "விடுண்ணே. அதுவும் பாவந்தானே? நான் சட்டுனு இறங்கிப் பாத்துட்டு ஏறிடுறேன்."

"பேசாம நில்லுடா!"

பெரியவன் கூண்டைத் தூக்கித் தொட்டிக்குள் விட்டான். சின்னவன் ஓடிவந்து கையைப் பிடிப்பதற்குள் அது பாதி ஆழம் இறங்கிவிட்டது. இறக்கை அடிக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் கேட்கவில்லை. இரண்டு பேரும் அவசர அவசரமாக இழுத்தார்கள். மகாராணியின் கழுத்து தொங்கிக் கிடந்தது.

பெரியவன் சின்னவனைத் திரும்பிப் பார்த்தான். இவன் இறங்கியிருந்தால்? தம்பியை இழுத்துக் கட்டிக்கொண்டான். தம்பி அவனைத் தள்ளிவிட்டு, கோழியை மடியில் போட்டுக்கொண்டு தேம்பினான்.

"பைத்தியக்காரா! உன் உசுரு தப்பிச்சிருக்கு, நீ கோழிக்கு அழுவுறியே! விடு, வேற ஒண்ணு பாத்துக்கலாம்."

சின்னவன் நிமிர்ந்து அவனைப் பார்த்தான். "நல்லாச் சொன்னே" என்றான்.

அந்த நேரம் பார்த்து மேனேஜர் போனில் குழைந்துகொண்டிருந்தது காதில் விழுந்தது. "அடம் பிடிக்கிறாங்கம்மா... நீங்க கவலைப்படாதீங்க. விடுங்க, வேற ஆள் பாத்துக்கலாம்."

பெரியவனுக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. மேனேஜர் மேல் பொங்கிய கோபம் பாதி தன் மேலேயே திரும்பிற்று. தம்பியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இரும்பு மூடியைத் தரதரவென்று இழுத்துத் தொட்டியை மூடினான். அதன் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

"வரச் சொல்லுங்கய்யா உங்க வேற ஆளை!" என்று கத்தினான். "வேற கோழியையும் கொண்டு வாங்க! என்னைத் தாண்டி எது இறங்குதுன்னு பாத்துடுறேன்!"