சம்பு ஓடையில் ஒரு சேவல்

1996ஆம் ஆண்டுப் பருவத்தில் அலெக்ஸாண்டர் ஏழு சனிக்கிழமை பெசன்ற் வேட்டைக்குப் போனான். அவற்றுள் ஆறில் நானும் கூடப் போனேன்.

பெசன்ற் என்பது நம்முடைய காட்டுச் சேவலுக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி. பச்சைத் தலை, சிவந்த கன்னம், கழுத்தில் வெள்ளை வளையம், முழ நீள வால். சேவலை மட்டும்தான் சுடலாம். பேடையைச் சுட்டால் குற்றம். ஞாயிற்றுக்கிழமை சுடவே கூடாது. நாங்கள் இருவரும் மிசிசாகாவில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் சமையற்கூடம் ஒன்றில் வேலை செய்தோம். திங்கள் முதல் வெள்ளி வரை வேலை. ஆகவே வேட்டைக்குச் சனி ஒன்றுதான் மிச்சம்.

சுடும் துவக்கும் அதன் உரிமமும் அவனுடையவை. நாய் இல்லாதபடியால் நாயின் வேலை என்னுடையது. தடியோடு புல்லுக்குள் இறங்கி, அடித்து அடித்து நடப்பேன். பறவை மேலே கிளம்பினால் ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்கும் அவன் சுடவேண்டும்.

"நாயெண்டால் குரைக்கவாவது செய்யும், தியாகலிங்கம் அண்ணை," என்பான்.

"நாய்க்கு நீர் இறைச்சி போடவேணும். எனக்கு ஒரு ரீ காணும்," என்பேன்.

வெக்ஸ்போர்டில் ஒரு வீட்டின் நிலக்கீழ் அறையில் இருந்தேன். மனைவி குணவதி கொழும்பில் விசாவுக்காகக் காத்திருந்தாள். அது நாலாவது வருடம். வேலையிடத்தில் இயந்திரச் சத்தத்துக்குள் பேச்சுக்கு இடமில்லை. ஒரு கிழமையில் நான் பேசியதில் பெரும்பகுதி அலெக்ஸாண்டரின் காரில் போகவரப் பேசியதுதான். சனி காலை ஆறு மணிக்கு வாசலில் அவனுடைய ஹோர்ன் இரண்டு தரம் அடிக்கும். அதற்கு அரை மணி முன்னரே சப்பாத்தும் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருப்பேன்.

ஆனால் இந்தச் சனிக்கிழமைகளுக்கு அவன் ஒரு முடிவு வைத்திருந்தான். பிள்ளைகள் வளரும் வீட்டில் துவக்கு இருப்பது அவன் மனைவி மரியம்மாவுக்குப் பிடிக்கவில்லை.

"ஒரேயொரு சேவல், அண்ணை. ஒண்டை அடிச்சுக் கறி வைச்சுத் திண்டிட்டு, துவக்கை வித்துப்போடுறன் எண்டு மாதா படத்துக்கு முன்னாலை சத்தியம் பண்ணியிருக்கிறன். பிறகு சனிக்கிழமையிலை நான் நல்ல புருசன்."

அந்த ஒன்று லேசில் அகப்படவில்லை. போர்ட் பெரிப் பக்கத்தில் எங்களை உள்ளே விட்ட பண்ணைக்காரர் எண்பதை நெருங்கியவர். ஒரு காலத்தில் காலையில் கதவைத் திறந்தால் இருபது முப்பது நிற்குமாம். பிறகு வேலிப் பற்றைகளை வெட்டி வயல்களை ஒன்றாக்கினார்கள். குஞ்சு பொரிக்க முன்னரே புல்லை இயந்திரத்தால் வெட்டினார்கள். இப்போது விடியலில் ஒரே ஒரு சேவல் கூவுவது கேட்கிறது, எந்த மூலையில் என்று தனக்கே தெரியாது என்றார்.

முதல் மூன்று சனியும் ஒன்றும் காணவில்லை. காற்று, நடந்த இடம், கண்டது எல்லாவற்றையும் காரில் வைத்தே ஒரு கொப்பியில் குறித்துக்கொள்வேன். ஞாயிறு தோறும் குணவதிக்கு எழுதும் கடிதத்துக்கு அதுதான் விஷயம்.

நாலாவது சனி சூரன்போர். கந்தசட்டிக்குப் பாலும் பழமுமாக இருந்தேன். அலெக்ஸாண்டர் காரை எடுக்க முன்னரே தொடங்கிவிட்டான்.

"விரதகாரன் வேட்டைக்கு வரலாமோ?"

"நான் சுடயில்லையே. நடக்கிறன்."

"உந்தக் கதையை முருகனிட்டைச் சொல்லுங்கோ. அவரின்ரை கொடியிலை நிக்கிறவன்ரை சொந்தக்காரனைத்தான் தேடிப் போறம்."

பண்ணையின் பின்பக்கத்தில் ஓர் ஓடை. இரு கரையிலும் சம்புப் புல் ஆளுயரத்துக்குக் காய்ந்து நின்றது. அதற்குள் இறங்கி நாற்பது அடி போயிருப்பேன். என் காலில் இருந்து இரண்டு எட்டில், ஒரு சம்புத் தூரின் அடியில், சேவல் பதுங்கி இருந்தது. வாலை நிலத்தோடு ஒட்ட வைத்து, கழுத்தை ஒடுக்கி, ஒரு கண்ணால் என்னையே பார்த்தது. தடியால் ஒரு தட்டு. அவ்வளவுதான் தேவை.

விரத நாளில் ஓர் உயிரை எழுப்பிக் கொடுக்க மனம் வரவில்லை. தடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சத்தமில்லாமல் விலகி நடந்தேன்.

"ஏதும்?" என்று மேட்டிலிருந்து கேட்டான்.

"ஒண்டுமில்லை."

அடுத்த சனி எனக்கு விரதம் இல்லை. சேவல் அதே ஓடையில், பத்தடி தள்ளி இருந்தது. இம்முறை என்னிடம் முருகன் பேரில் சொல்ல ஒரு காரணமும் இருக்கவில்லை. இது எழும்பினால் அவன் தவறவிடமாட்டான். பிறகு ஆறு மணிக்கு ஹோர்ன் அடிக்காது. அது ஒன்றையே நினைத்தேன். விலகி நடந்தேன்.

"ஏதும்?"

"ஒண்டுமில்லை. பழைய எச்சம் கிடக்குது."

ஆறாவது சனி மெல்லிய பனி விழுந்திருந்தது. கை விறைக்க மூன்று மணித்தியாலம் நடந்தோம். ஓடைக்குள் நான் போன பாதையில் அதன் காலடிகள் பூப்போட்ட மாதிரிக் கிடந்தன. சப்பாத்தால் அழித்துக்கொண்டு வந்தேன்.

காருக்குத் திரும்பியதும் அலெக்ஸாண்டர் துவக்கை உறைக்குள் போட்டான். பிளாஸ்கைத் திறக்கவில்லை.

"இது சரிவராது, அண்ணை. கிழவனுக்குக் காதிலை ஏதோ கூவுது. இண்டையோடை விடுவம். சேவல் இல்லாமலே துவக்கை வித்திடுறன்."

சேவலை ஒளித்து நான் காப்பாற்றிய சனிக்கிழமை, அந்த ஒளிப்பாலேயே முடியப்போகிறதா?

"இன்னும் ஒரு கிழமை பாப்பமே. வேறை மூலையளும் இருக்கு."

"எந்த மூலை? எல்லாம் நடந்திட்டம். எங்கை, உங்கடை கொப்பியைத் தாங்கோ பாப்பம், எது மிச்சமெண்டு."

கொப்பி எங்கள் இருவருக்கும் நடுவே கிடந்தது. நான் கை வைக்க முன்னர் எடுத்துவிட்டான். வாயால் பொய் சொல்லலாம். குணவதிக்கு எழுதுவதில் எனக்குப் பொய் வராது. அவன் விரலை வைத்துச் சத்தமாக வாசித்தான்.

"பதினாறு பதினொண்டு. காற்று வடமேற்கு. சம்பு ஓடை. சேவல் ஒன்று. சொல்லவில்லை." தாளைத் திருப்பினான். "இருபத்திமூண்டு பதினொண்டு. சம்பு ஓடை. அதே சேவல். சொல்லவில்லை."

தாளிலிருந்து விரலை எடுக்காமலே என் பக்கம் திரும்பினான்.

"விரதத்துக்கு எண்டால் முதலாவது விளங்குது. ரெண்டாவது என்னத்துக்கு?"

"நீர் அடிச்சால் பிறகு வரமாட்டீர்."

"எங்கை வரமாட்டன்?"

"என்னை ஏத்த."

அவன் சிரிக்கவில்லை, ஏசவும் இல்லை. கொப்பியை மூடி என் மடியில் வைத்துவிட்டு, "மூண்டு கிழமையா இந்தக் குளிருக்கை என்னை மேட்டிலை நிப்பாட்டி வைச்சிருக்கிறியள்," என்று மட்டும் சொன்னான். வெக்ஸ்போர்ட் வரும்வரை ரேடியோதான் பேசியது.

அடுத்த சனி ஹோர்ன் அடிக்கவில்லை. பதினொரு மணிக்குத் தொலைபேசி அடித்தது.

"அண்ணை, விழுந்திட்டுது. பக்கத்து வீட்டு இத்தாலியன்ரை நாயைக் கொண்டு போனனான். நீங்கள் எழுதின இடந்தான். பின்னேரம் சாப்பிட வாங்கோ, மரியம்மா சொல்லச் சொன்னவ."

போனேன். மிளகு போட்டுக் காய்ச்சிய கறி. ஆறு பேருக்கு அந்தச் சின்னப் பறவை ஆளுக்கு இரண்டு துண்டுதான். என் பல்லில் துவக்கின் ஈயச் சன்னம் ஒன்று நறுக்கென்று பட்டது. எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தேன். பிள்ளைகள் வால் இறகைப் பிடுங்கிச் சண்டை போட்டார்கள்.

"அண்ணைக்கு இன்னும் கொஞ்சம் குழம்பு விடட்டே?" என்று மரியம்மா கேட்டாள்.

"காணும் பிள்ளை."

கை கழுவும்போது அலெக்ஸாண்டர் துவாயோடு பக்கத்தில் நின்றான். கேட்காமல் இருந்துதான் இவ்வளவும் வந்தது, ஆகவே கேட்டேன்.

"வாற சனி என்ன செய்யிறீர்?"

"மச்சான் மிசிசாகாவிலை வீடு வாங்கியிருக்கிறான். பெயின்ற் அடிக்கிறம்."

"நானும் வாறன். எனக்குப் பெயின்ற் அடிக்கத் தெரியும். ஊரிலை பள்ளிக்கூடத்துக் கதிரை மேசையெல்லாம் அடிச்சனான். சும்மா வாளி பிடிக்கிறதெண்டாலும் வாறன்."

துவாயை என் கையில் தந்துவிட்டு அவன் குழாயைப் பார்த்தான். அது சரியாகத்தான் மூடியிருந்தது. இன்னொரு தரம் இறுக்கினான்.

"அதுக்கு இருக்கிற ஆக்களே காணும், அண்ணை," என்றான். "வெளியிலை குளிர். உங்கடை பஸ் இப்ப வரும்."