புள்ளிக்கு அப்புறம் ரெண்டு தட்டு

ஒஹாயோவில் இரும்பாலை மூடிப்போன அந்த ஊரில், வெர்னாவுக்கு வாரத்துக்கு ஒரு போன்தான் வரும். வியாழக்கிழமை மத்தியானம், அச்சுக்கடை டெல்மரிடமிருந்து.

சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமை கொடுக்கும் அறிவிப்புத் தாளை அவள் வீட்டுக் கம்ப்யூட்டரில் அடித்து அனுப்புவாள், அவன் அச்சடிப்பான். ஆலை ஆபீஸ் டைப்ரைட்டரோடு மல்லுக்கட்டிய கை அவளுடையது. அந்தக் காலத்து டைப்பிங் வழக்கப்படி முற்றுப்புள்ளி வைத்ததும் கட்டைவிரல் இடைவெளிக் கட்டையை ரெண்டு தரம் தட்டிவிடும். அச்சுக்காரனுக்கு அது ஆகாது. ஒரு இடைவெளி போதும் என்பான். ஒவ்வொரு ரெண்டாவதையும் கையால் அழித்துவிட்டு போன் போடுவான்.

“ஏம்மா மகாராணி, தாள் முழுக்கப் பொக்கைவாய். உன் ஓட்டைய அடைச்சே என் விரல் தேஞ்சுபோச்சு.”

“படிக்கிறவன் மூச்சு விட வேணாமாய்யா?”

“அதுக்குத்தானே புள்ளி இருக்கு?”

“போய்யா கஞ்சப்பயலே! வெத்து இடத்துக்குக் கூடவா கணக்குப் பாப்ப?”

அரை மணி நேரம் போகும் இந்தச் சண்டை. புருஷன் செத்த பிறகு அந்த வீட்டில் கேட்ட பேச்சுக்குரல் இது ஒன்றுதான்.

ஒரு வியாழன் போன் வரவில்லை. அடுத்த வியாழனும் இல்லை. செத்துகித்துப் போய்விட்டானோ என்று பயந்தாள். ஆனால் தாள் ஒழுங்காக வந்தது, ஒற்றை இடைவெளியோடு. அப்படியானால் அவனுக்குக் கோபம்தான். சரி, தோற்றுத்தான் போவோமே. சர்ச்சில் நடக்கும் மீன் வறுவல் விருந்து அறிவிப்பை ஒற்றைத் தட்டில் அடித்தாள். விரலை அடக்குவதற்குள் தோள் வரை வலித்தது. ஜெயித்த மிதப்பில் கிண்டல் பண்ணவாவது கூப்பிடுவான் என்று போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சூப் ஆறிப்போனது.

கடைசியில் அவளே கூப்பிட்டாள்.

“டெல்மர், தாளப் பாத்தியா?”

“ஏன், எதாவது தப்பா?”

“தப்பில்ல. அந்த இடைவெளி...”

“அதுவா! புது சாப்ட்வேர் வந்திருக்கு. நீ ரெண்டு தட்டு, பத்து தட்டு, அதுவே முழுங்கிடும். நான் பாக்கறதேயில்ல. உனக்கும் தொல்லை விட்டுச்சு பாரு.”

“ஆமா. விட்டுச்சு.”

“வேற எதாவது?” பின்னால் மெஷின் கடகடத்தது.

“ஒண்ணுமில்ல.”

போனை வைத்துவிட்டு அடுத்த வாரத் தாளை அடிக்க உட்கார்ந்தாள். முதல் புள்ளி வந்ததும் கட்டைவிரல் பழையபடி ரெண்டு தட்டியது. அவள் தடுக்கவில்லை. எத்தனை தட்டினாலும் இனிமேல் கேட்க ஆளில்லை.