தொண்ணூற்றைந்து காலிக் கட்டங்கள்

1

இந்தக் கதை ஒரு விளக்கக் கடிதமாகத்தான் தொடங்கியது. அரைப் பக்கம் போதும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். 'இணைப்பில் உள்ள சர்க்கரை அளவுகள் ஏன் உண்மையானவை அல்ல' என்பதற்கு, பஷீர் அகமது, ஸ்டோர்ஸ் கிளார்க் ஆகிய நான், என் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். உட்கார்ந்தேன். அரைப் பக்கம் ஆறு பக்கமாகிவிட்டது. கதை எழுதும் பழக்கம் உள்ளவனிடம் விளக்கம் கேட்டால் இதுதான் கதி.

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கடைசியில் திருப்பம் வைத்தான் என்று யாரும் சொல்லக் கூடாது. என் மனைவி நஜீமாவுக்குச் சர்க்கரை. நாளைக்கு நான்கு இன்சுலின் ஊசி. ஒவ்வொரு ஊசிக்கு முன்னாலும் விரலில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தை ஸ்ட்ரிப்பில் தொட்டு, சுகர் மெஷின் காட்டும் எண்ணை நோட்டில் எழுத வேண்டும். நாளைக்கு நான்கு என்றால் மாதத்துக்கு நூற்றிருபது. எங்கள் தொழிற்சாலை ஆஸ்பத்திரியில் கொடுப்பது மாதத்துக்கு ஒரு டப்பா. டப்பாவில் இருபத்தைந்து ஸ்ட்ரிப். மீதித் தொண்ணூற்றைந்து எண்களை நான் எழுதினேன். ரத்தமும் இல்லை, ஸ்ட்ரிப்பும் இல்லை. என் தலையிலிருந்து எழுதினேன்.

[எந்தத் தொழிற்சாலை என்று திருச்சிக்காரர்கள் தேட வேண்டாம். இது நான் இந்தக் கதைக்காகக் கட்டியது. மூன்று ஷெட், ஒரு கேன்டீன், பின்பக்கம் ஓர் ஆஸ்பத்திரி. கட்டும்போதே ஸ்ட்ரிப்பை அள்ளிக் கொடுக்கும் ஆஸ்பத்திரியாகக் கட்டியிருக்கலாம். அப்படியானால் கதை இல்லை.]

[மிச்சத்தை வெளியே வாங்கலாமே என்பீர்கள். வாங்கினோம். இரண்டு பிள்ளைகளுக்கும் ஸ்கூல் ஃபீஸ் கட்டிய மாதத்தோடு நின்றுபோனது.]

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: "திருவெள்ளறையில் ரெங்கராஜ் என்றொரு விவசாயி. அவர் மனைவி பொன்னுத்தாய்க்குச் சில வருடங்களாகச்"

அந்த இடத்தில் நஜீமா நிறுத்தினாள். நான் எழுதுவதை முதலில் படிப்பவள் அவள்தான். ஸ்ரீரங்கத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். படிக்கும்போது கையில் சிவப்புப் பேனா இல்லாவிட்டால் அவளுக்குப் படித்த மாதிரியே இருக்காது.

"யாருங்க இந்த ரெங்கராஜ்?"

"கதாபாத்திரம்."

"நம்ம வீட்டுத் தப்ப அந்த மனுஷன் தலைல ஏன் கட்டறீங்க? அவரு பாட்டுக்கு வயலப் பாத்துக்கிட்டு இருக்காரு."

ரெங்கராஜைத் திருவெள்ளறைக்கே அனுப்பிவைத்தேன். இரண்டாம் தொடக்கத்தில் கொஞ்சம் ஈரம் சேர்த்தேன்: "காவிரிப் பாலத்தில் பஸ் ஊர்ந்துகொண்டிருந்தது. ஜன்னலோரம் அமர்ந்திருந்த அவள் கண்களில் நீர்"

[சிவப்பு மை: நான் அழல. ஒண்ணாம் நம்பர் பஸ்ல நிக்கவே எடம் இல்ல, இதுல ஜன்னலோரமாம்.]

மூன்றாவது தொடக்கம்தான் நீங்கள் படித்தது.

3

பொய் எப்படி ஆரம்பித்தது என்று யோசித்தால் ஒரு டீச்சரும் ஒரு கதைக்காரனும் ஒரே வீட்டில் இருந்ததுதான் காரணம். நஜீமாவின் வகுப்பில் வீட்டுப்பாட நோட்டில் ஓர் இடம் காலியாக இருந்தால் அதன் குறுக்கே சிவப்புக் கோடு விழும். அவளே காலி நோட்டை இன்னொருவரிடம் நீட்ட வேண்டும் என்றதும் அவளுக்கு முகம் சுருங்கிப்போனது.

"இத எப்படிங்க டாக்டர்ட்ட குடுக்கறது? ஒரு கட்டம் எழுதி மூணு கட்டம் காலியா. எங்க கிளாஸ்னா முட்டி போட வச்சிருப்பேன்."

"குடு, நான் பாத்துக்கறேன்" என்றேன். என்ன பார்த்துக்கொள்ளப் போகிறேன் என்று அவள் கேட்கவில்லை. இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை.

முதல் மாதம் கூச்சமாக இருந்தது. இரண்டாம் மாதம் கைவந்துவிட்டது. 118, 126, 131. பூஜ்யத்திலும் ஐந்திலும் முடியும் எண்களை எழுத மாட்டேன், இட்டுக்கட்டியது என்று தெரிந்துவிடும். எல்லாமே நன்றாக இருந்தாலும் நம்ப மாட்டார்கள். ஆகவே கல்யாண பிரியாணி சாப்பிட்ட நாளுக்கு 212. ஜூலைக் கடைசியில் மூன்று நாள் காலைக் கட்டத்தில் 158, 164, 161. அந்த மூன்றும் எனக்கு மிகவும் பிடித்த எண்கள். வாழ்க்கை மாதிரியே இருந்தன. ஒன்றைச் சொல்ல வேண்டும்: இருபது வருடமாக ஸ்டோர்ஸில் ஒரு நட்டைக்கூட எண்ணாமல் நான் எண் எழுதியதில்லை.

டாக்டரம்மா அறிவுமதி நோட்டைப் புரட்டிவிட்டு, "இவ்வளவு ஒழுங்கா எழுதிக்கிட்டு வர்ற பேஷண்ட நான் பாத்ததில்ல மேடம்" என்றார். என் கதைகளுக்கு யாரும் அப்படிச் சொன்னதில்லை. உள்ளே குளிர்ந்தது. பிறகு அவர் விரல் என் மூன்று எண்களிடம் வந்து நின்றது.

"காலைல கொஞ்சம் ஏறுது. நைட் ஊசில நாலு யூனிட் கூட்டிக்கலாம்."

நஜீமா என்னைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

4

இந்தப் பகுதியை ஏழு முறை எழுதி அடித்துவிட்டேன். நான் அங்கே இல்லை. அடுத்த வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்த ரோசம்மாள் டீச்சர் சொன்னதை மட்டும் வைக்கிறேன்.

ஆகஸ்டில் ஒரு திங்கட்கிழமை, முதல் பீரியட். அன்று காலை வீட்டில் ஸ்ட்ரிப் இல்லை. பார்க்காமலே ஊசி போட்டுக்கொண்டு, இரண்டு இட்லியோடு பஸ் ஏறியிருந்தாள். ஒன்பதாம் வகுப்பில் போர்டில் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தவள் ஏழெட்டு ஐம்பத்துநாலு என்று எழுதினாள். நாற்பத்தைந்து பெண்களில் ஒருத்திகூட வாய் திறக்கவில்லை. டீச்சர் எழுதினால் சரியாகத்தான் இருக்கும் என்று நோட்டில் எழுதிக்கொண்டார்கள். அடுத்த வரியில் சாக்பீஸ் நழுவியது. உடம்பெல்லாம் வியர்த்து மேஜையைப் பிடித்தபடி அப்படியே சரிந்திருக்கிறாள். சர்க்கரை அடியோடு இறங்கிவிட்டது என்று புரிந்து ரோசம்மாள் ஓடிவந்து, ஸ்டாஃப் ரூமில் டீக்கு வைத்திருந்த சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கி வாயில் புகட்டியிருக்கிறார்.

நான் போய்ச் சேர்ந்தபோது நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். முந்தானை நனைந்திருந்தது. என்னிடம் முதலில் சொன்னது இதுதான்:

"ஏழெட்டு எவ்வளவுங்க?"

"ஐம்பத்தாறு."

"ம். எனக்குத் தெரியல அப்ப."

பயம் என்றால் என்ன என்று அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றபோது தெரிந்துகொண்டேன். என் மூன்று எண்கள் நாலு யூனிட்டாக மாறி அவள் உடம்புக்குள் போயிருந்தன.

5

மறுநாள் செவ்வாய், சர்க்கரை நோயாளிகளுக்கான நாள். டாக்டர் முன்னால் நான் எழுந்து நின்று, "மேடம், என்னை மன்னியுங்கள், இந்த நோட்டில் பெரும்பாலான எண்கள்"

[சிவப்பு மை: நீங்க அன்னிக்கு ஒண்ணும் சொல்லல.]

சொல்லவில்லை. இந்தக் கதையில் எனக்குச் சந்தேகமாக இருக்கும் ஒரே பாத்திரம் பஷீர் அகமதுதான். சும்மா விட்டால் நல்லவனாகிவிடப் பார்க்கிறான்.

நடந்தது இது. மயங்கி விழுந்ததைக் கேட்டதும் டாக்டர் நைட் ஊசியைப் பழைய அளவுக்கே குறைத்தார். ஸ்ட்ரிப் கூடுதலாக வேண்டும் என்று நஜீமா கேட்டாள். டாக்டர் நோட்டைக் காட்டினார்.

"நாலு வேளையும் பாக்கறீங்க. வெளிய வாங்கி நல்லாவே சமாளிக்கறீங்க. நோட்டுப்படி எல்லாம் கன்ட்ரோல்ல இருக்கு. இத வச்சு நான் கூடுதல்னு எழுதினா மேல கேள்வி கேப்பாங்க மேடம்."

நஜீமா மறுபடி என்னைப் பார்த்தாள். தொழிற்சாலை ஆஸ்பத்திரியில் பொய்க் குறிப்பு கொடுத்தவன் அதே தொழிற்சாலையில் கிளார்க். மெமோ வரும். அதைத்தான் நினைத்தேன். வேறு காரணம் எழுதினால் கதை அழகாக இருக்கும்.

மருந்து கொடுக்கும் ஜன்னலில் மார்ட்டின் ஒரு டப்பாவை எடுத்து வைத்தார். நோட்டையும் பார்த்தார்.

"டீச்சர், தப்பா நெனச்சுக்காதீங்க. நான் குடுக்கறது இருபத்தஞ்சு. இதுல நூத்தி இருபது இருக்கு. மிச்சத்த வெளியவா வாங்கறீங்க?"

"இல்ல."

மார்ட்டின் என்னைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "சீட்டுல ஸ்ட்ரிப்னு மட்டும் இருந்தா ஒரு டப்பாதான் டீச்சர். ஒரு நாளைக்கு எத்தன தடவை, என்ன காரணம், மாசத்துக்கு எவ்வளவுன்னு டாக்டர் எழுதணும். எழுதி, மேல ஒப்புக்கிட்டா நான் எடுத்துக் குடுக்க வேண்டியதுதான்."

6

வெளியே வந்து பஸ் ஏறினோம். இறங்கி, பாலக்கரையில் எங்கள் தெருவுக்குள் திரும்பியதும் நஜீமா சொன்னாள்.

"எழுதினது நீங்க. நீங்கதான் சொல்லணும்னு இருந்தேன்."

"நஜீமா..."

"நோட்ட இனிமே நான் வச்சுக்கறேன். இருபத்தஞ்சு ஸ்ட்ரிப்புக்கு இருபத்தஞ்சு எண்ணு. மிச்சம் காலியாவே இருக்கட்டும். அதத்தான் டாக்டர் பாக்கணும்."

"காலி நோட்டக் குடுக்க உனக்கு வெக்கமா இருக்காதா?"

"விழுந்து கெடந்தேங்க, பிள்ளைங்க முன்னாடி. அதவிடவா?"

செப்டம்பர் முழுவதும் ஒரு புது நோட்டில் அப்படியே செய்தாள். பெரும்பாலும் காலையில், பஸ்ஸுக்குக் கிளம்புவதற்கு முன். 203. 61. 88. 247. 70. எந்த ஒழுங்கும் இல்லை. கதையில் எழுதினால் நம்பும்படியாக இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். அறுபத்தொன்று காட்டிய காலை, பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டு கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டு அடுத்த பஸ்ஸில் போனாள். அந்த ஒரு ஸ்ட்ரிப் இல்லாவிட்டால் அன்று பாலத்தின் நடுவில் விழுந்திருப்பாள்.

காலிக் கட்டங்கள் மேஜை மேல் திறந்தபடி கிடக்கும். கடந்து போகும்போதெல்லாம் எனக்குக் கை துறுதுறுத்தது. 127 என்று ஒரு கட்டம் என்னைக் கூப்பிட்டது. போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

7

அக்டோபர் முதல் செவ்வாய். இந்த முறை நான் பேசினேன். [சிவப்பு மை: ஆமா, பேசினாங்க.]

பழைய நோட்டையும் புது நோட்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தேன். டாக்டர் இரண்டையும் புரட்டினார். பழைய நோட்டில் ஒரு கட்டத்தில் விரல் வைத்தார்.

"இது?"

"நான் எழுதினது மேடம்."

"இது?"

"அதுவும்."

"இந்த நூத்தி அறுபத்தி நாலு?"

"அதுவும்தான்."

"அந்த நம்பருக்கு நான் மருந்து கூட்டினேன் சார். அவங்க உசுரு போயிருந்தா, என் கையெழுத்துல போயிருக்கும்."

நஜீமாதான் பேசினாள். "தப்புல எனக்கும் பங்கு இருக்கு மேடம். காலியா குடுக்க வெக்கப்பட்டேன். இப்ப வெக்கமில்ல. தொண்ணூத்தஞ்சு கட்டம் காலியா இருக்கு, எண்ணிப் பாத்துக்குங்க. அந்த நேரமெல்லாம் கண்ணக் கட்டிக்கிட்டுதான் ஊசி போடறேன்."

டாக்டர் அறிவுமதி எண்ணினார். உண்மையாகவே, பேனா முனையால் ஒவ்வொன்றாக. பிறகு சீட்டை எடுத்து எழுதினார்: தினமும் நான்கு முறை. காரணம்: நான்கு வேளை இன்சுலின், பள்ளியில் மயக்கம். மாதம் நூற்றிருபது.

"இவ்வளவு எழுதினா சீட்டு மேல அனுமதிக்குப் போகும். பழைய நோட்டு காப்பி ஃபைல்ல இருக்கு. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு முரணா இருந்தா மேல நிறுத்திடுவாங்க. அரைப் பக்கம் விளக்கம் எழுதிக் குடுங்க சார். உங்களுக்கு என்ன ஆகும்னு என்னால சொல்ல முடியாது."

8

அந்த அரைப் பக்கத்துக்காக உட்கார்ந்தபோதுதான் இதெல்லாம் வந்தது. கடைசியில் கொடுத்த கடிதம் நான்கு வரிதான்:

'பழைய நோட்டில், மாதம் இருபத்தைந்து எண்கள் தவிர மற்றவை நான் இட்டுக்கட்டியவை. அந்த நேரங்களில் என் மனைவிக்குச் சர்க்கரை எவ்வளவு இருந்தது என்று எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ளத்தான் ஸ்ட்ரிப் கேட்கிறோம்.'

நஜீமா படித்துவிட்டு ஓர் இடத்திலும் சிவப்பு மை வைக்கவில்லை.

முடிவுகள் கைவசம் மூன்று இருக்கின்றன. ஒன்று: அனுமதி வருகிறது, மார்ட்டின் ஜன்னலில் ஐந்து டப்பாவை அடுக்குகிறார். இரண்டு: எனக்கு மெமோ வருகிறது, ஸ்ட்ரிப் வரவில்லை. மூன்று: இரண்டும் ஒரே தபாலில் வருகின்றன. மூன்றாவதுதான் நன்றாக இருக்கிறது. அதனாலேயே அதை நான் நம்பவில்லை.

உண்மையில் பதில் இன்னும் வரவில்லை. மூன்று செவ்வாய்க்கிழமையாக நஜீமா மத்தியானம் லீவு போட்டுவிட்டு, ஆஸ்பத்திரி அலுவலக வாசலில் பெஞ்சில் உட்கார்ந்து காலாண்டுப் பரீட்சைத் தாள் திருத்துகிறாள். போன வாரம் ஒருவர் வந்து, தகவல் சொல்லி அனுப்புவோம், வீட்டுக்குப் போங்கள் என்றாராம்.

"ஆமான்னாலும் எழுதிக் குடுங்க, இல்லன்னாலும் எழுதிக் குடுங்க சார். இல்லன்னா அத வச்சு அடுத்த ஆளப் பாப்பேன். அதுவரைக்கும் வருவேன். இந்தத் தாள் முடிஞ்சா அரையாண்டு இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த தாளைப் பிரித்தாளாம்.

இன்றும் செவ்வாய். டப்பாவில் இருந்த கடைசி ஸ்ட்ரிப்பைக் காலையில் போட்டாள். 74. பேரீச்சம்பழம் தின்றுவிட்டுப் போனாள். நோட்டு என் முன்னால் திறந்திருக்கிறது.

காலை: 74
மதியம்:
மாலை:
இரவு:
மாதத்துக்கு அனுமதிக்கப்பட்ட ஸ்ட்ரிப்:

இவற்றைப் பார்த்ததும் உங்களுக்கும் ஓர் எண் தோன்றியிருக்கும். நல்ல எண்ணாகத்தான் இருக்கும். என்னிடமும் ஒன்று இருக்கிறது, ஐந்திலும் முடியவில்லை, பூஜ்யத்திலும் முடியவில்லை. நான் எழுதப்போவதில்லை. நீங்களும் எழுத வேண்டாம். அவள் இன்னும் பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறாள். பேனா உங்களிடம் இருக்கட்டும். தெரிந்த பிறகு எழுதுவோம்.