கேஸ் டப்பாவில் கை வைத்தது யார்?

சைதாப்பேட்டையில் ஆட்டோ ஓட்டும் தணிகாசலம் அன்று காலை பல்கூடத் துலக்காமல் சமையலறை அலமாரி முன்னால் நின்று கேஸ் டப்பாவைக் கவிழ்த்துப் பார்த்தான். உள்ளே இருந்த காசு மறுபடியும் குறைந்திருந்தது.

பட்ஜெட் போட்டு வாழ வேண்டும் என்று போனில் ஒரு வீடியோ பார்த்ததிலிருந்து அந்த வீட்டில் டப்பாக்களின் ஆட்சிதான். வாடகை, மளிகை, கேஸ், ஸ்கூல் என்று தனித்தனி டப்பா. அவனுடைய டீ, சிகரெட்டுக்கு 'கைச்செலவு' என்று ஒன்று. பெசன்ட் நகரில் சமையல் வேலை பார்க்கும் மனைவி ஹம்சாவின் சம்பளமும் அப்படியே இவற்றில்தான் விழும். சும்மா சொல்லக்கூடாது, மாசக் கடைசியில் வட்டிக்காரனிடம் போய் நிற்பது நின்றுபோயிருந்தது. அந்தப் பெருமையில் தணிகாசலத்துக்குத் தலைகால் புரியவில்லை.

"கேஸ் காசுல கை வெச்சியா?"

"நா எதுக்கு வைக்கப் போறேன்?" என்றாள் ஹம்சா, தோசைக்கல்லைப் பார்த்தபடியே.

முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லையே! அவனுடைய சந்தேகம் நேராக மச்சான் பிரபு மேல் போய் விழுந்தது. வேலைவெட்டி இல்லாதவன் போன வாரம் புது பைக்கில் வந்து ஹாரன் அடித்துவிட்டுப் போனான். அக்கா கொடுக்காமல் ஏது பைக்? கேஸ் காசில் பைக் வாங்க முடியுமா என்று யோசிக்கும் நிதானமெல்லாம் சந்தேகத்துக்குக் கிடையாது.

அதன்பின் அவள் போன் பேசினால் காதைத் தீட்டிக்கொண்டான். பையை எடுத்தால் அவன் கண்ணும் கூடவே போனது. சனிக்கிழமை மதியம் வந்த சவாரியை விட்டுவிட்டு, வேலை முடிந்து அவள் ஏறிய பஸ்ஸின் பின்னாலேயே ஆட்டோவை ஓட்டினான். மார்க்கெட் அருகே இறங்கிய ஹம்சா விறுவிறுவென்று ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்குள் நுழைந்தாள். இவனும் பாய்ந்தான்.

"எங்கடி உன் தம்பி?"

கடைக்காரர் பீர் முஹம்மது திடுக்கிட்டு நிமிர்ந்தார். "யாருப்பா நீ, கடைக்குள்ள வந்து சவுண்டு வுடற? இந்தம்மா தவணை கட்டி முடிச்சிட்டு கண்ணாடி வாங்கிக்கினு போவ வந்துகீறாங்க."

ஹம்சா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"பருப்புல பூச்சி கீதுன்னு வேலை செய்ற வூட்ல ரெண்டு வாட்டி சொல்லிட்டாங்க. இன்னொரு வாட்டி ஆச்சுன்னா நின்னுக்கோன்னாங்க. கண்ணு தெரிஞ்சாதானேய்யா பொறுக்குவேன்?"

"என்னாண்ட கேக்கறதுதானே?"

"கேட்டேனே. பட்ஜெட்ல இல்ல, அடுத்த வருசம் பாக்கலாம்ன்ன. டிவியில மேட்ச் பாத்துக்கினே சொன்ன. உன் டீக்கு டப்பா கீது. எனக்கு இன்னா கீது?"

சொன்னது ஞாபகம் வந்துவிட்டது. தணிகாசலத்துக்குக் கூசிப்போயிற்று. பார்க்காததுபோல் பீர் முஹம்மது கண்ணாடிக் கூடு ஒன்றைத் துடைக்க ஆரம்பித்தார்.

"தப்புதான், வுடு" என்றான் கடைசியில். "வூட்டுக்குப் போய் புதுசா ஒரு பட்ஜெட் போட்டுடறேன்."

"மறுபடியும் நீ மட்டுமா?" ஹம்சா இப்போது அவன் முகத்தை நேராகப் பார்த்தாள். "கணக்கு போடறது நல்லதுதான்யா. ஆனா ரெண்டு பேரு சம்பாரிக்கற வூட்ல ஒருத்தர் மட்டும் குந்திக்கினு கணக்கு போட்டா, இன்னொருத்தர் சொந்த வூட்லயே திருடித்தான் ஆவணும்."