டத்தோவின் ரகசிய விலை

"பன்னிரண்டாயிரம் வெள்ளிக்கு என் மீனைக் கேட்டாங்க, முடியாதுன்னுட்டேன். அப்புறம் அதே மீனை ஒரே ஒரு வெள்ளிக்கு வித்தேன். வித்த மீன் இன்னமும் என் வீட்டுலதான் நீந்திக்கிட்டிருக்கு!"

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் சீதாலெட்சுமி அக்காவின் சாப்பாட்டுக் கடையில் தம்புசாமி இப்படி அறிவித்தபோது, காலைப் பசியாற வந்திருந்த அத்தனை பேரும் தலையை ஆட்டினார்கள். நம்பிவிட்டதால் அல்ல. நம்பவில்லை என்றால் மறுபடியும் முதலிலிருந்து சொல்வார் என்ற பயம்தான். வீடு வீடாக மின்சார மீட்டர் படித்து ஓய்வு பெற்றவர் தம்புசாமி. அவர் கணக்குப்படி கோலாலம்பூரில் அவரைத் துரத்தாத நாயே கிடையாது. அதில் ஒன்று நாயே இல்லை, சிங்கம்.

ஒருவர் மட்டும் தலையை ஆட்டவில்லை. அவர் ஞானசம்பந்தம். கிள்ளான் துறைமுகத்தில் சுங்க அதிகாரியாக இருந்தவர். ஓய்வுக்குப் பிறகும் தினமும் கொமுட்டர் ரயில் ஏறி இந்தக் கடைக்கு வந்து, அக்கா வைக்கிற தோசையின் ஓரத்தைத் தூக்கி அடியில் ஏதும் ஒளிந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தின்பார்.

"ஆதாரம் எங்க?" என்றார் ஞானசம்பந்தம்.

"அழிஞ்சு போச்சு லா."

"எல்லாக் கடத்தல்காரனும் இதைத்தான் சொல்வான். எனக்குத் தெரியாதா? நேர்மையா ஒரு வார்த்தை பேசு, தம்பு."

"உட்காருங்க, சொல்றேன்" என்று தம்புசாமி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். அக்கா அடுப்பின் தீயைக் குறைத்துவிட்டாள். இது சீக்கிரம் முடிகிற காரியமில்லை என்று அவளுக்குத் தெரியும்.

தம்புசாமி கூட்டிச் சொன்ன தொகைகளைத் திருத்திவிட்டுச் சொன்னால், நடந்தது இதுதான்.

தம்புசாமியின் மீனுக்கு டத்தோ என்று பெயர், நம் ஊரில் பெரிய மனிதர்களுக்குக் கொடுக்கிற பட்டம். நெற்றி புடைத்த ஃபிளவர்ஹார்ன் சாதி. அந்த நெற்றிமேட்டில் ஹெலிகாப்டர் இறக்கலாம். பட்டம் வாங்கின மனிதரைப் போலத் தொட்டிக்குள் மெதுவாக உலா வரும். வணக்கம் வைக்காதவரைக் கடிக்கும். தம்புசாமி காலையில் எழுந்ததும் முதலில் பேசுவது அதனோடுதான். பெண்டாட்டி பஞ்சவர்ணத்தோடு பேசுவது மூன்றாவதோ நான்காவதோ.

வீட்டுக்காரர் வீட்டைத் திருப்பிக் கேட்டுவிட்டார். மகள் வாணியின் பூச்சோங் அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோவதென்று முடிவாயிற்று. கட்டில் வரும், பீரோ வரும், சாமிப் படம் வரும் என்று எண்ணிக்கொண்டே வந்த பஞ்சவர்ணம் தொட்டியின் முன்னால் நின்றுவிட்டாள்.

"இது வந்தா நான் வரலே."

"அது ஒரு ஓரமா இருக்கும்மா."

"ஓரமாவா? தொட்டியை வச்சா நாம ரெண்டு பேரும் லிஃப்டுல படுக்கணும். இணையத்துல மீன் ஏலம் விடுறாங்களாமே, வாணி சொன்னா. அதுல போடுங்க. ஏலத்துல போனா போனதுதான். போகலைன்னா நான் வாயைத் திறக்க மாட்டேன், பூச்சோங்குக்கு வரட்டும். இது என் வாக்கு."

பஞ்சவர்ணம் வாக்கு கொடுத்தால் மாற மாட்டாள். ஏலம் போடாமல் தப்பிக்க முடியாது, போட்டால் டத்தோ போய்விடும். தம்புசாமிக்கு அன்று சோறு இறங்கவில்லை. மூன்று தட்டோடு நிறுத்திக்கொண்டார்.

மறுநாள் தெருமுனைக் கைப்பேசிக் கடைக்குப் போனார். அங்கே ரியாஸ் இருந்தான். இராமநாதபுரத்திலிருந்து வேலைக்கு வந்தவன். உடைந்த கைப்பேசியைக் கையில் வாங்கும்போதே விலையையும் முடிவு செய்துவிடுவான்.

"இதுக்குப் போயி கவலைப்படுறீகளே, அங்கிள்" என்றான். "ரிசர்வ் விலைன்னு ஒண்ணு இருக்கு. இந்த விலைக்குக் கீழ தரமாட்டேன்னு நீங்க மனசுக்குள்ள வச்சிருக்கிற விலை. வெளிய ஒருத்தருக்கும் தெரியாது. அது எட்டாத வரைக்கும் யாரு எவ்வளவு கேட்டாலும் மீன் உங்களுதுதான்."

தம்புசாமியின் முகத்தில் பத்துமலைத் தைப்பூச விளக்குகள் மொத்தமும் எரிந்தன. "அப்ப ஒரு கோடி போடு!"

"ஏலப் பக்கத்தை நடத்துறவன் நம்ம ஏலத்தையே தூக்கிருவான். ஒம்பதாயிரம் போடுவோம். இந்த மீனுக்கு ஐந்நூறு கேட்டா அதிசயம். ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க. பின்னாடி ரிசர்வை ஏத்த முடியாது. வேணாம்னா எடுக்கலாம். எடுத்தா அதுவரைக்கும் கேட்ட விலையெல்லாம் அழிஞ்சிரும், ஏலம் ஒரு வெள்ளியிலேர்ந்து தொடங்கும்."

"எடுக்கிறதா? நானா? சேச்சே!"

ஞாயிறு சாயங்காலம் ஆறு மணிக்கு ஏலம் முடிவதாக ஏற்பாடு. முதல் இரண்டு நாள் தம்புசாமி நினைத்தபடியே போயிற்று. ஒருவர் ஐம்பது வெள்ளி கேட்டார். இன்னொருவர் எண்பது. ஒவ்வொரு முறையும் விலைக்குக் கீழே சிவப்பு எழுத்தில் ஒரு வரி வந்து நின்றது: ரிசர்வ் இன்னும் எட்டப்படவில்லை. தம்புசாமி அந்த வரியை டத்தோவிடம் காட்டிக் காட்டிச் சிரித்தார்.

வெள்ளிக்கிழமை அந்தச் சிவப்பு வரியே வேலையைக் காட்டத் தொடங்கியது. நூற்றைம்பது கேட்டவருக்கும் அதே வரி, ஐந்நூறு கேட்டவருக்கும் அதே வரி. ஏலப் பக்கத்தில் ஆட்கள் எழுத ஆரம்பித்தார்கள்.

'ஐந்நூறுக்கும் எட்டலைன்னா இந்த மீன்ல என்ன இருக்கு?'

'சாதாரண மீனுக்கு எதுக்குய்யா ரகசிய விலை?'

'படத்தைப் பெரிசாக்கிப் பாருங்க பாஸ். வயித்துல.'

அந்தச் சாதி மீனின் உடம்பில் கறுப்புப் புள்ளிகள் இருக்கும். நம் ஊரில் அதைச் சும்மா புள்ளி என்று விட்டுவிட எவருக்கும் மனசு வராது. விபத்தான காரின் பிளேட்டிலும் கனவில் வந்த பாம்பின் நீளத்திலும் நாலு இலக்க லாட்டரி எண் தேடி நம்பர் கடைக்கு ஓடுகிறவர்கள் நாம். படத்தைப் பெரிதாக்கினார்கள். டெங்கில் ஊர்க்காரர் ஒருவருக்கு மூன்றில் தொடங்கும் எண் தெரிந்தது. செந்தூலிலிருந்து ஒருவர் கைப்பேசியைத் தலைகீழாகப் பிடித்து வேறு எண் கண்டார். மீனின் சொந்தக்காரன் அந்த எண்ணில் ஏற்கனவே ஒரு தடவை பரிசு அடித்துவிட்டான், அதனால்தான் விலையைச் சொல்லாமல் ஆழம் பார்க்கிறான் என்று கிளப்பிவிட்டார் மூன்றாமவர்.

விலை ஆயிரத்தைத் தாண்டியது. தம்புசாமிக்கு வியர்த்தது. உள்ளதை உள்ளபடி எழுதிவிட்டால் ஓடிவிடுவார்கள் என்று எண்ணி, வாழ்க்கையில் முதல் தடவையாகக் கூட்டாமல் குறைக்காமல் எழுதினார்: 'இந்த மீனுக்கு வலது கண் தெரியாது. கையைக் கடிக்கும். வயசாகிவிட்டது.'

அவ்வளவுதான், தீ பிடித்துக்கொண்டது.

'தன் மீனைத் தானே திட்டுறாரு பாத்தீங்களா? நம்மளைத் துரத்திட்டு வேண்டப்பட்டவனுக்குத் தள்ளப் பார்க்கிறாரு.'

'அசல் நம்பர்தான். சந்தேகமே இல்லை.'

மூவாயிரம். ஐயாயிரம். கேட்பவர்களின் சொந்தப் பெயர் தெரியாது, வைத்துக்கொண்ட பெயர்கள்தான். அவற்றில் ஒன்று மட்டும் விடாமல் ஏறிக்கொண்டே வந்தது. அதன் பெயர் 'நேர்மை'. யார் என்ன கேட்டாலும் அதற்கு மேல் நூறு வெள்ளி வைத்துவிட்டு, ஒரு வார்த்தை எழுதாமல் உட்கார்ந்திருந்தது.

"தனக்குத் தானே நேர்மைன்னு பேரு வச்சுக்கிறவன் கண்டிப்பா களவாணியாத்தான் இருப்பான்" என்றான் ரியாஸ்.

தம்புசாமிக்கு உலகமே சந்தேகமாகிவிட்டது. பெட்டி தூக்க வந்த மருமகன் கைப்பேசியைக் கையில் எடுத்தால் சந்தேகம். ஜன்னல் வழியாகப் பார்த்த பூனை மேல் சந்தேகம், அதற்கு நியாயமும் இருந்தது. பஞ்சவர்ணமோ தட்டுகளைச் செய்தித்தாளில் சுற்றிச் சுற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டு, "ஏலம் நல்லா போகுதாமே?" என்று மட்டும் கேட்பாள். அந்தக் குரலும் சரியில்லை.

ஞாயிறு மத்தியானம் விலை எட்டாயிரத்து எழுநூறில் வந்து நின்றது. கேட்டது நேர்மை. இன்னும் முந்நூறு வெள்ளி ஏறினால் டத்தோ போயிற்று. தம்புசாமி செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ரியாஸிடம் ஓடினார். அந்த வேகத்தில் மோனோரயில் அவருக்குப் பின்னால் வந்தது என்பது அவர் கூற்று.

"ரிசர்வை ஏத்துடா தம்பி!"

"முடியாது அங்கிள், சொன்னேன்ல. எடுக்கத்தான் முடியும். எடுத்தா ஒரு வெள்ளி. ஒரு வெள்ளின்னா தெருவுல ஓடுற சின்னப் புள்ளைகூட வாங்கிட்டுப் போயிரும்."

தம்புசாமி கடை வாசல் படியில் உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டார். மூடிய கண்ணுக்குள் அவர் மீட்டர் படித்த வீடுகள் எல்லாம் வரிசையாக வந்தன. கேட் பூட்டியிருக்கும், உள்ளே நாய் குரைக்கும். அந்த வீடுகளில் எப்படியாவது எட்டிப் பார்த்து மீட்டரைப் படிக்காமல் அவர் நகர்ந்ததில்லை. ஆனால் சில வீடுகளில் கேட் அகலத் திறந்து கிடக்கும். நாய்ச் சத்தம் இருக்காது, ஆள் அரவம் இருக்காது. அந்த வீட்டுக்குள் மட்டும் அவர் கால் வைத்ததே இல்லை. குத்துமதிப்பாக ஓர் எண்ணைப் போட்டுவிட்டு நடையைக் கட்டிவிடுவார்.

"கேட்டைத் திறந்து விடு" என்றார்.

"எந்த கேட்டு?"

"ரிசர்வை எடு. மொத்தமா எடு!"

ரியாஸ் பிஸ்மில்லா சொல்லி அழுத்தினான். எட்டாயிரத்து எழுநூறு மறைந்தது. கேட்ட பெயர்கள் மறைந்தன. சிவப்பு வரி மறைந்தது. அந்த இடத்தில் பச்சை எழுத்தில் வந்தது: ரிசர்வ் இல்லை. தொடக்க விலை ஒரு வெள்ளி.

ஏலப் பக்கத்தில் ஒவ்வொருவராக எழுதினார்கள்.

'செத்துப்போச்சா?'

'நோய் வந்திருக்கும். வாங்கினா நம்ம தொட்டியும் காலி.'

'நம்பர் ஏற்கனவே விழுந்து முடிஞ்சிருச்சு போல. சக்கையை நம்ம தலையில கட்டுறான்.'

'திருட்டு மீன் லா. போலீஸ் தேடுதாம்.'

நேர்மை மட்டும் ஒரே ஒரு சொல் எழுதியது: 'ஏன்?' அதற்குப் பிறகு ஆளைக் காணோம்.

தம்புசாமி வீட்டுக்கு வந்து தொட்டியின் முன்னால் கைப்பேசியோடு உட்கார்ந்தார். ஐந்தரை ஆயிற்று. ஒருவரும் கேட்கவில்லை. டத்தோ கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றது. ஆறு மணிக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது தம்புசாமி எழுந்து ஆட ஆரம்பித்தார். கீழ்வீட்டில் சுவர்க்கடிகாரம் விழுந்ததாம்.

கைப்பேசி 'டிங்' என்றது.

ஒரு வெள்ளி. கேட்டவர் பெயர் 'குடும்பத்தலைவி'. அடுத்த நொடி ஏலம் முடிந்தது. விற்கப்பட்டது என்று திரையில் பூத்தூவி வாழ்த்தும் சொன்னார்கள்.

தம்புசாமியின் கால் அப்படியே தூக்கியபடி நின்றது. மெதுவாக இறக்கினார். தொட்டியைப் பார்க்க முடியவில்லை. பொய் சொல்லிப் பழகிய வாய்க்கு ஆறுதலாக ஒரு பொய்கூட வரவில்லை.

"நீங்களும் அந்த ஞானமும் சேர்ந்து போட்ட நாடகம் எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களா?"

அடுக்களை வாசலில் பஞ்சவர்ணம் நின்றாள். ஒரு கையில் செய்தித்தாள் சுற்றிய தட்டு. இன்னொரு கையில் அவளுடைய கைப்பேசி.

"என்ன நாடகம்மா?"

"எட்டாயிரத்துச் சொச்சம் போன மீனை யாராச்சும் ஒரு வெள்ளிக்கு இறக்குவாங்களா? அந்த ஞானம் ஒரு வெள்ளிக்கு எடுத்துக்குவாரு, கிள்ளான்ல வச்சுக்குவாரு. நீங்க தினமும் கொமுட்டர் ஏறி மீன் பார்க்கப் போறேன்னு கிளம்பிடுவீங்க. பெட்டியெல்லாம் யாரு அடுக்குறது? அதான் நானே புடிச்சேன். இப்ப என்ன பண்ணுவாரு உங்க கூட்டாளி?"

தம்புசாமி அவளைப் பார்த்தார். தொட்டியைப் பார்த்தார். மறுபடி அவளைப் பார்த்தார்.

"அப்ப, மீன் இப்ப யாருது?" என்று மிக மெல்லக் கேட்டார்.

"என்னுது."

"வீடு மாறும்போது அதை என்னம்மா செய்யப்போறே?"

பஞ்சவர்ணம் தட்டைப் பெட்டிக்குள் வைத்தாள். தான் எங்கே வந்து நிற்கிறோம் என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

"காசு குடுத்து வாங்கின பொருளை எவளாச்சும் விட்டுட்டுப் போவாளா?" என்றாள் கடைசியில். "லிஃப்டுல நீங்க படுங்க."

சீதாலெட்சுமி அக்கா கரண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பக்கத்து மேசைக்காரர்கள் தேநீரைச் சிந்தினார்கள். கதை எடுபட்டுவிட்டது என்றதும் தம்புசாமிக்கு வழக்கமான ஊற்று பெருகியது.

"அதுலயும் அந்த நேர்மைன்னு ஒருத்தன் இருக்கான் பாருங்க, அடடா! மடையன்னா அப்படி ஒரு மடையன். ஒத்தக்கண்ணு மீனுக்கு ஒம்பதாயிரம்னான், பத்தாயிரம்னான், கடைசியில பன்னிரண்டாயிரம்னு அழுது..."

"பன்னிரண்டாயிரமா?" ஞானசம்பந்தம் மேசையைத் தட்டி எழுந்தார். தோசை ஒரு சாண் எம்பி விழுந்தது. "வாயைத் திறந்தா பொய்! எட்டாயிரத்து எழுநூறு! அதுக்கு மேல ஒரு காசு கேட்கலே. யாரும் அழவும் இல்லே!"

அடுப்பில் தோசை தீய்கிற வாசம் வந்தது. தம்புசாமி ஞானசம்பந்தத்தின் முகத்தையே பார்த்தார். ஏலப் பக்கத்தில் அழிந்துபோன அந்தத் தொகையை அவர் பஞ்சவர்ணத்திடமும் ரியாஸிடமும் தவிர எவரிடமும் சரியாகச் சொன்னதில்லை. சரியாகச் சொல்வது அவருக்கு வழக்கமும் இல்லை.

"ஞானம் அண்ணே" என்றாள் அக்கா, "தொகை உங்களுக்கு எப்படித் தெரியும்?"

ஞானசம்பந்தம் உட்கார்ந்தார். பழக்கதோஷத்தில் தோசையின் ஓரத்தைத் தூக்கி அடியில் பார்த்தார். ஒளிந்துகொள்ள அங்கே இடமில்லை.

"அதோட வயித்துல என் பழைய பேட்ஜ் நம்பர் இருந்துச்சு லா" என்றார், குரல் உள்ளுக்குப் போய். "ரிசர்வை எடுத்ததும் எனக்குச் சந்தேகம் வந்துருச்சு. இல்லேன்னா ஒரு வெள்ளிக்கு நான் எடுத்திருப்பேன்."

"அப்ப நான் சொன்னது?" என்று தம்புசாமி காதைக் கிட்டே கொண்டுபோனார். "நேர்மையா ஒரு வார்த்தை சொல்லு, ஞானம்."

ஞானசம்பந்தம் தோசையை ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டு, மென்று, விழுங்கினார்.

"நடந்துச்சு" என்றார்.